எக்ஸ்பி விஎம்முக்குள் எச்பி லேசர்ஜெட் 1020: கரண்டு போய் வந்தால் அச்சு நின்றுவிடுகிறது

ரங்கூன் அச்சுக்கடை:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், நன்கொடை ரசீதுப் புத்தகம் என்று தமிழும் பர்மியமும் கலந்த வேலைதான் அதிகம். கோடை விடுமுறையில் எங்கள் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். அதற்கான பாடப்புத்தகத்தையும் வருடா வருடம் நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். இந்த முறை அந்தப் புத்தகத்தில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது.

புத்தகத்தைத் தொகுத்த வாத்தியார் காலமாகிவிட்டார். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இல் ஒவ்வொரு பக்கத்தையும் அவரே உட்கார்ந்து கட்டினார். தமிழ்ப் பகுதி பாமினி எழுத்துருவில் இருக்கிறது, பர்மிய விளக்கம் வின் இன்வாவில். இரண்டும் யூனிகோட் கிடையாது. இன்னொரு மென்பொருளில் கொண்டுபோய் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடுகிறது. ஆகவே இந்தக் கோப்புகளைத் திறக்க பேஜ்மேக்கர் வேண்டும், அது ஓட பழைய விண்டோஸ் எக்ஸ்பி வேண்டும்.

பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் நல்லபடியாக இருந்ததால் கோப்புகள், எழுத்துருக்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. இப்போது இருப்பது லினக்ஸ் மின்ட் போட்ட சின்னக் கணினி. அதில் கணினிக்குள் இன்னொரு கணினியை (விஎம்) ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் 7, அதற்குள் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. பேஜ்மேக்கர் நன்றாகவே ஓடுகிறது.

சிக்கல் பிரிண்டரில். எச்பி லேசர்ஜெட் 1020. மேலே டிவைசஸ் மெனுவில் யூஎஸ்பி பட்டியலைத் திறந்து பிரிண்டருக்கு டிக் போட்டால் எக்ஸ்பி அதைக் கண்டுகொள்கிறது, பக்கமும் வருகிறது. அப்புறம் கரண்டு போகும். கணினி யூபிஎஸ்ஸில் இருப்பதால் அணையாது. பிரிண்டர் நேராகச் சுவர் ப்ளக்கில் இருப்பதால் அணைந்துவிடும். ஜெனரேட்டர் போட்டதும் பிரிண்டருக்கு உயிர் வரும், ஆனால் எக்ஸ்பிக்குள் அது இருக்காது. மெனுவில் டிக் போயிருக்கும். திரும்பப் போட்டால் சில நேரம் வேறொன்று அதைப் பிடித்திருப்பதாகப் பிழை காட்டும். சில நேரம் டிக் விழும், வரிசையில் வேலையும் நிற்கும், தாள் மட்டும் நகராது. எல்லாவற்றையும் அணைத்து மறுபடி துவக்கினால்தான் சரியாகிறது. கோடையில் இங்கே கரண்டு எப்படி வரும் போகும் என்று பர்மாவில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புதுப் பிரிண்டர் வாங்கு என்று சொல்லாதீர்கள். இப்போது வருகிற மாடல்களுக்கு எக்ஸ்பி டிரைவர் கிடையாது. 1020-க்குப் போடுகிற 12ஏ டோனரை எந்தத் தெருவிலும் நிரப்பித் தருகிறார்கள். இயந்திரம் திடமாக இருக்கிறது. வகுப்பு தொடங்குமுன் மூலப்படி எடுத்தாக வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டோன்காரன்:

வணக்கம் அண்ணே. மெனுவில் டிக் விழுகிறது என்றால், யூஎஸ்பி சாதனத்தை விஎம்முக்குக் கொடுக்க அனுமதி உள்ள விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் உங்கள் பெயர் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அங்கே சிக்கல் இல்லை.

கையால் போடுகிற டிக் அந்த ஒரு இணைப்புக்குத்தான் செல்லும். பிரிண்டர் அணைந்து எழுந்தால் ஹோஸ்ட், அதாவது வெளியே ஓடுகிற மின்ட், அதைப் புதுச் சாதனமாகத்தான் பார்க்கும். விஎம்மை அணைத்துவிட்டு செட்டிங்ஸில் யூஎஸ்பி பக்கத்துக்குப் போய் ஒரு ஃபில்டர் (குறிப்பிட்ட சாதனம் வந்ததும் தானாக விஎம்முக்குக் கொடுக்கிற விதி) சேருங்கள். கூட்டல் குறி உள்ள படத்தை அழுத்தினால் பிரிண்டர் பெயர் வரும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஃபில்டர் தானாகவே ரிவிஷன், தயாரிப்பாளர் பெயர், சீரியல் எண் எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ளும். அவற்றில் ஒன்று மாறினாலும் பிரிண்டரை விட்டுவிடும். வெண்டர் ஐடியையும் பிராடக்ட் ஐடியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

அதே பக்கத்தில் யூஎஸ்பி 2.0 என்று இருக்கிறதா பாருங்கள். 3.0 போட்டிருந்தால் எக்ஸ்பியில் அதற்கு டிரைவர் இல்லை.

ரங்கூன் அச்சுக்கடை:

நன்றி தம்பி. 2.0-தான் இருக்கிறது. ஃபில்டர் நீ சொன்னபடி போட்டேன். இப்போது டிக் தானாக வருகிறது, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் கரண்டு போய் வந்த பின் தாள் நகராத அந்தக் கோளாறு முழுதாகத் தீரவில்லை. ஒரு தடவை வருகிறது, ஒரு தடவை வரவில்லை.

லினக்ஸ் பக்கம் டிமெஸ்ஜி என்கிற கணினிப் பதிவை எடுத்துப் பார்த்தேன். பிரிண்டரைப் போட்டதும் ஒருமுறை இணைகிறது, சில நொடியில் தானே துண்டிக்கிறது, மறுபடி இணைகிறது. வயரை யாரும் தொடவில்லை. பிரிண்டருக்குள் ஏதாவது பழுதாக இருக்குமோ?

மோல்மீன் கணினிக்கடை:

அண்ணே, பிரிண்டர் பழுதில்லை. அந்தத் துண்டிப்பு 1020-இன் இயல்பு. அதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

1020-க்குள் அதன் இயக்க நிரல் நிரந்தரமாக இருக்காது. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினிதான் அந்த நிரலை, அதாவது ஃபர்ம்வேரை, அனுப்பி அதை எழுப்ப வேண்டும். 1000, 1005, 1018 மாடல்களும் இப்படித்தான். 1022 அப்படி இல்லை. ஃபர்ம்வேர் ஏறியதும் பிரிண்டர் ஒருமுறை தன்னைத்தானே துவக்கிக்கொள்கிறது. டிமெஸ்ஜியில் நீங்கள் பார்த்தது அதுதான். பழைய கணினியில் எக்ஸ்பி டிரைவர் சத்தமில்லாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரே பிரிண்டருக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். வெளியே மின்ட், உள்ளே எக்ஸ்பி. மின்ட் அதைப் பார்த்ததும் தன் அச்சு வரிசையில் சேர்க்கப் பார்க்கும். ஃபில்டர் அதைப் பிடுங்கி எக்ஸ்பியிடம் கொடுக்கும். எக்ஸ்பி ஃபர்ம்வேர் அனுப்பும். பிரிண்டர் துண்டித்து வரும். அந்த நொடியில் யார் கைக்குப் போகிறது என்பது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. உங்கள் கணினி யூபிஎஸ்ஸில் நின்றுகொண்டே இருக்க, பிரிண்டர் மட்டும் அணைந்து எழுவதால் கரண்டு போகும்போதெல்லாம் இது நடக்கிறது. இதற்காக லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டிவிடாதீர்கள். உள்ளே டோனரை உருக்குகிற ஃபியூசர் சூடாகும்போது இழுக்கிற மின்சாரத்தைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பது வேறு. பிரிண்டரை எக்ஸ்பிக்குக் கொடுக்கவே வேண்டாம். மின்டிடமே விட்டுவிடுங்கள். எக்ஸ்பி அதை நெட்வொர்க் பிரிண்டர் போல வெளியிலிருந்து பயன்படுத்தட்டும்.

விஎம் செட்டிங்ஸில் அந்த ஃபில்டரை எடுத்துவிடுங்கள். மின்டில் எச்பிலிப் என்கிற எச்பியின் லினக்ஸ் டிரைவரைப் போடுங்கள். 1020-க்கு எச்பிலிப் மட்டும் போதாது, அதன் பிளகின் என்கிற துணை நிரலும் வேண்டும், ஃபர்ம்வேர் அதற்குள்தான் இருக்கிறது. பிளகினை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், ஆகவே நெட் நன்றாக இருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். எச்பிலிப் பதிப்பும் பிளகின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் மின்ட் அப்டேட் செய்து அச்சு நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஃபூ2இசட்ஜேஎஸ் டிரைவர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், ஒரே வேலைக்கு இரண்டு டிரைவர் வேண்டாம்.

மின்டிலிருந்தே ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். வந்ததும் பிரிண்டர் சுவிட்சை அணைத்துப் போட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு பக்கம் அடியுங்கள். இரண்டாவது பக்கமும் வந்தால் கரண்டு பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. இந்தச் சோதனையைத் தாண்டாமல் எக்ஸ்பி பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று, மின்டின் அச்சு வேலைகளைக் கவனிக்கிற கப்ஸின் பக்கத்தைத் திறந்து, நிர்வாகப் பகுதியில் பிரிண்டர்களைப் பகிர்வதற்கான டிக்கைப் போடுங்கள். அந்தப் பிரிண்டருக்குத் தனியாக உள்ள பகிர்வு டிக்கும் வேண்டும். பெயர் இடைவெளி இல்லாமல் சின்னதாக இருக்கட்டும்.

விஎம்முக்கு நெட்வொர்க்கை ஹோஸ்ட் ஒன்லி (மின்டோடு மட்டும் பேசுகிற வலை) என்று மாற்றுங்கள். அடாப்டர் வகை பிசிநெட் ஃபாஸ்ட் 3 என்று இருந்தால் எக்ஸ்பி தானாக அடையாளம் காணும். அந்த வலையில் மின்டின் முகவரி வழக்கமாக 192.168.56.1. இதில் இன்னொரு நன்மை, எக்ஸ்பி இணையத்துக்கே போகாது. 2014 ஏப்ரல் 8-உடன் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதை நெட்டில் விடக் கூடாது.

எக்ஸ்பியில் பிரிண்டர் சேர்க்கும்போது நெட்வொர்க் பிரிண்டர் என்று தேர்ந்து, இணைய முகவரி கேட்கிற கட்டத்தில் எச்டிடிபி என்று தொடங்கி 192.168.56.1:631, பிறகு சாய்கோடு போட்டு பிரிண்டர்ஸ், பிறகு சாய்கோடு போட்டு நீங்கள் வைத்த பெயர். எல்லாம் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். டிரைவர் கேட்கும். அங்கே 1020 டிரைவரைக் கொடுக்காதீர்கள். ஜெனரிக் என்ற தலைப்பின் கீழ் எம்எஸ் பப்ளிஷர் இமேஜ்செட்டர் என்று எக்ஸ்பியிலேயே இருக்கிறது, அதைக் கொடுங்கள். அது பக்கத்தைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்கிற பக்க விவரிப்பு மொழியில் அனுப்பும். 1020-க்குப் புரிகிற வடிவத்துக்கு மின்ட் மாற்றிக்கொள்ளும். பேஜ்மேக்கர் பழகி வளர்ந்ததே போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர்களோடுதான், அதனால் வேலையும் சுத்தமாக வரும்.

ரங்கூன் அச்சுக்கடை:

தம்பி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. கரண்டோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

தொடங்குமுன் ஒரு சந்தேகம். மின்டில் பாமினியும் இல்லை, வின் இன்வாவும் இல்லை. அச்சடிக்கிற வேலை மின்டுக்குப் போனால் எழுத்துகள் உருக்குலைந்துவிடாதா? பர்மியத்தில் ஒரு எழுத்தின் கீழே இன்னொன்று அடுக்கி வரும். வாத்தியார் அந்த இடங்களில் இடைவெளியைக் கையாலேயே சரிசெய்து வைத்திருக்கிறார். அது கொஞ்சம் நகர்ந்தாலும் படிக்க முடியாது.

மோல்மீன் கணினிக்கடை:

நகராது அண்ணே. பக்கத்தை அமைப்பது எக்ஸ்பிக்குள் பேஜ்மேக்கர்தான். எந்த எழுத்து எந்த இடத்தில் என்பது போஸ்ட்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டுவிடும். எழுத்துருவும் அதோடு சேர்ந்து வெளியே போகும், மின்டில் அது இருக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். எக்ஸ்பியில் அந்தப் பிரிண்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ட்ரூடைப் ஃபான்ட் என்று ஒரு வரி இருக்கும். பிரிண்டரின் சொந்த எழுத்துருவால் மாற்றிக்கொள் என்று அதில் இருந்தால், சாஃப்ட்ஃபான்டாக அனுப்பு என்று மாற்றுங்கள்.

தாள் அளவு எக்ஸ்பியிலும் மின்டிலும் ஏ4 ஆக இருக்கட்டும். எக்ஸ்பி லெட்டர் என்று வைத்திருந்தால் ஓரம் நகரும்.

அச்சு நடுவில் கரண்டு போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கப்ஸ் அந்தப் பிரிண்டரை நிறுத்தி வைத்துவிடலாம். அதன் இயல்நிலை விருப்பங்களில் பிழைக் கொள்கை என்ற இடத்தில், நடக்கிற வேலையையே மறுபடி முயலும்படி வையுங்கள். அப்படி வைத்தாலும் வேலை முதல் பக்கத்திலிருந்தே மறுபடி தொடங்கும். அதனால் புத்தகம் முழுவதையும் ஒரே அடியாக அனுப்பாமல் பாடம் பாடமாக அனுப்புவது நல்லது.

மாந்தளை பில்லிங்:

இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது டாட் மேட்ரிக்ஸுக்கும் இதே வழியைச் செய்யப் போகிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை.

எங்கள் மொத்தக்கடையில் எப்சன் எல்கியூ 300, எக்ஸ்பி விஎம்முக்குள் டாஸ் பில்லிங் நிரல். நிரல் எழுத்துகளையும் கட்டளைகளையும் பச்சையாக எல்பிடி1 என்கிற பழைய பிரிண்டர் போர்ட்டுக்கு அனுப்புகிறது. நடுவில் ஹோஸ்ட் அதை வாங்கி மாற்றப் போனால் பில் கலைந்துவிடும். இந்தப் பிரிண்டருக்கு ஃபர்ம்வேர் ஏற்றுகிற கதையும் இல்லை, கரண்டு வந்தால் தானே தயாராகிவிடும். ஆகவே டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள் தட்டோன்காரர் சொன்ன ஃபில்டர் வழியிலேயே நேராக எக்ஸ்பிக்குக் கொடுங்கள்.

பேரலல் போர்ட்டை யூஎஸ்பியாக மாற்றுகிற வயர் வாங்கினால் அது எக்ஸ்பிக்குள் யூஎஸ்பி பிரிண்டராகத்தான் தெரியும், எல்பிடி1 ஆகத் தெரியாது. டாஸ் நிரலுக்கு அது கண்ணில் படாது. எக்ஸ்பிக்குள்ளேயே பிரிண்டரைப் பகிர்ந்துவிட்டு, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்தப் பகிர்வுக்குத் திருப்பிவிடுங்கள். அது எப்போதும் நிலைக்கும்படி பெர்சிஸ்டென்ட் என்பதையும் சேர்க்க வேண்டும்.

தட்டோன்காரன்:

மோல்மீன் அண்ணன் சொன்ன வழி 1020-க்கு என் வழியைவிடச் சிறந்தது. எனக்கு ஃபர்ம்வேர் விஷயம் தெரியாது.

அச்சுக்கடை அண்ணே, ஒரு வேண்டுகோள். பேஜ்மேக்கரிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்டைக் கோப்பாகவும் எழுதலாம். அதை ஷேர்டு ஃபோல்டர் வழியாக மின்டுக்குக் கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்கிற நிரல் மூலம் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். வாத்தியார் கட்டிய பக்கங்கள் அப்படியே நிற்கும், எழுத்துருவும் உள்ளேயே இருக்கும், எந்தப் பிரிண்டரிலும் அடிக்கலாம். விஎம்மின் டிஸ்க் கோப்பையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள், எக்ஸ்பியை அணைத்த நிலையில். தமிழ் பாடப்புத்தகம் இல்லாமல் எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை வகுப்பு நின்றுபோனது என்று எனக்குத் தெரியும். உங்களிடம் ஒன்று முழுதாக இருக்கிறது. அதை ஒரே கணினியில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.

ரங்கூன் அச்சுக்கடை:

எல்லாம் செய்து முடித்தேன், வேலை செய்கிறது. பிளகின் இறங்கத்தான் நேரம் எடுத்தது, நடுராத்திரியில் உட்கார்ந்து இறக்கினேன். சுவிட்சை அணைத்துப் போட்ட சோதனையில் இரண்டாவது பக்கமும் வந்தது. இன்று மத்தியானம் நிஜமாகவே கரண்டு போனது. ஜெனரேட்டர் போட்டதும் பிரிண்டர் ஒரு முறை கரகரத்து எழுந்து, நின்ற பாடத்தை முதலிலிருந்து அடித்து முடித்தது. எக்ஸ்பிக்குள் நான் எதையும் தொடவில்லை. பர்மிய அடுக்கெழுத்துகளைப் பழைய புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன், ஒரு இடமும் மாறவில்லை.

தட்டோன் தம்பி, பிடிஎஃப் எடுத்துவிட்டேன். மோல்மீனில், தட்டோனில், வேறு எந்த ஊரிலும் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். வாத்தியார் உயிரோடு இருந்தால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வார்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இந்த வருடம் தாள் விலைக்காகப் புத்தகத்தை ஏ5 ஆக மடித்து நடுவில் பின் அடிக்க நினைக்கிறோம். கோப்பும் ஏ5 அளவில்தான் இருக்கிறது. 1020 தானாக இரண்டு பக்கமும் அடிக்காது. பக்கங்களை முன்பின்னாக எப்படி அடுக்குவது? அட்டையையும் இதிலேயே அடிக்கலாமா?

மோல்மீன் கணினிக்கடை:

கரண்டு போய் வந்தும் அடித்தது என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம் அண்ணே.

பேஜ்மேக்கரிலேயே அதற்கு வழி இருக்கிறது. யுடிலிடீஸ் மெனுவில் பிளக்இன்ஸ், அதற்குள் பில்ட் புக்லெட். டூ-அப் சேடில் ஸ்டிச் என்பதைத் தேர்ந்தால் பக்கங்களைத் தானே அடுக்கிப் புதுக் கோப்பாகத் தரும். வாத்தியாரின் மூலக் கோப்பில் செய்யாமல் ஒரு நகலில் செய்யுங்கள். மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும், குறைந்தால் கடைசியில் வெற்றுப் பக்கம் சேருங்கள். பிரிண்ட் பெட்டியில் முதலில் ஒற்றைப்படைப் பக்கம், பிறகு தாளைத் திருப்பி வைத்து இரட்டைப்படை. எந்தப் பக்கமாகத் திருப்புவது என்பதைப் பென்சிலால் குறி போட்ட நாலு தாளில் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் பக்கம் அடித்த தாள் சூடாக வளைந்திருக்கும், ஆறவிட்டு மறுபக்கம் போட்டால் சிக்காது.

அட்டைக்கு 163 கிராம் வரை 1020 தாங்கும். மேலே ஒற்றைத் தாள் நுழைக்கிற வழியில் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். கப்ஸில் தாள் வகையைத் தடிமன் என்று மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டோனர் ஒட்டாமல் விரலில் வரும்.

பிடிஎஃப் எங்களுக்கும் வேண்டும். எங்கள் கோயிலிலும் ஏப்ரலில் வகுப்பு இருக்கிறது.